வெள்ளியில் வெட்டிய பேர்

தஞ்சைப் பக்கத்தில் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். விசேஷத்துக்கு இரவல் போன அண்டாவும் குண்டானும் மாறிவிடக் கூடாது என்பது ஒரு காரணம். கொடுத்தவர் யார், எந்த வருஷம் என்பது நிற்க வேண்டும் என்பது இன்னொன்று.

இதே காரியத்தை டச்சுக்காரர்கள் படம் போட்டுச் செய்தார்கள். அவர்களுடைய பழைய வெள்ளித் தட்டுகளிலும் கரண்டிகளிலும் கேடய வடிவில் ஒரு சின்னம் வெட்டியிருக்கும். அதுதான் குடும்பத்தின் குலச்சின்னம். அது பிரபுக்களுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். ஹாலந்தில் அப்படியில்லை. சாதாரண வியாபாரியும் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளலாம், அரசரின் அனுமதி வேண்டாம். மீன் என்று பொருள்படும் பெயர் உள்ள குடும்பம் கேடயத்தில் மீனைப் போட்டுக்கொள்ளும். எழுதப் படிக்கத் தெரியாத வேலையாளும் பார்த்தவுடன் யார் வீட்டுத் தட்டு என்று சொல்லிவிடலாம்.

டச்சுக்காரர்கள் நம் டெல்டாவுக்கு அந்நியர்கள் அல்ல. 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1690இல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து அங்கே மாற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை, 123 ஆண்டுகள், நாகை அவர்கள் கையில் இருந்தது. துணி வாங்க வந்த கம்பெனிதான் என்றாலும், அதன் உத்தியோகஸ்தர்கள் இங்கே குடும்பம் நடத்தினார்கள், பிள்ளை பெற்றார்கள், இறந்தும் போனார்கள்.

அந்த வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெள்ளி உண்டு. இரண்டு கேடயங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது கல்யாணம்: பார்ப்பவருக்கு இடப்பக்கம் கணவன் வீடு, வலப்பக்கம் மனைவி வீடு. சாய்சதுரத்துக்குள் சின்னம் இருந்தால் பெரும்பாலும் அது ஒரு பெண்ணுடையது. பெரிய மனிதர் இறந்தால் பிறந்த தேதி, இறந்த தேதி, குலச்சின்னம் மூன்றையும் வெட்டிய நினைவுத் தட்டுகள் கொடுக்கும் வழக்கமும் கம்பெனி ஊர்களில் இருந்தது. அவர்களுக்காக உள்ளூர்த் தட்டார்கள் செய்த சாமான்களும் உண்டு. பத்தாவியாவில் டச்சுக்காரர் வீட்டுப் பெண்கள் வெள்ளியில் வெற்றிலைப் பெட்டியே வைத்திருந்தார்கள்!

இந்த ஆடம்பரம் எவ்வளவு வளர்ந்தது என்பதற்கு நம் நாகப்பட்டினத்து ஆள் ஒருவரே சாட்சி. இங்கே கவர்னராக இருந்த யாக்கோப் மொசெல், 1750இல் பத்தாவியாவில் கவர்னர் ஜெனரல் ஆனார். 1754இல் யார் எப்படிப்பட்ட வண்டியில் போகலாம், யாருக்குக் குடை பிடிக்கலாம், யார் என்ன உடுத்தலாம் என்று பதவி வாரியாகச் சட்டம் போட்டார்.

ஹாலந்திலேயே செய்த வெள்ளி என்றால் முத்திரைகளும் பேசும். செய்தவர் முத்திரை, ஊர் முத்திரை, வருஷத்துக்கு ஓர் எழுத்து. 1814 முதல் 1953 வரை வந்தவற்றில் சிங்கத்தோடு 1 என்றிருந்தால் ஆயிரத்தில் 934 பங்கு வெள்ளி, 2 என்றிருந்தால் 833 பங்கு. முத்திரை வெள்ளியின் தரத்தைச் சொல்லும், குலச்சின்னம் அதை வைத்திருந்த மனிதரைச் சொல்லும்.

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போனவர்கள் டச்சுக் கல்லறைகளின் மேல் இதே குலச்சின்னங்களைக் கல்லில் பார்த்திருப்பீர்கள். கல் போட்ட இடத்தில் கிடக்கும். வெள்ளி அப்படியல்ல. ஏலத்துக்குப் போகும், கடனுக்குப் போகும், கப்பலில் ஏறும், கடைசியில் உருக்கும் குகைக்குள் இறங்கும். உருகிவிட்டால் எடை மிஞ்சும், பேர் மிஞ்சாது.

தஞ்சை மன்னர்கள் ஐரோப்பியருக்கு உலோகத் தகட்டில் எழுதிக் கொடுத்ததையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1620இல் ரகுநாத நாயக்கர் டேனிஷ் அரசருக்கு எழுதிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. டச்சுக்காரர்களுக்கு 1676இல் மராட்டிய ஏகோஜி கொடுத்தது வெள்ளிப் பட்டயம். அதுவும் கடல் கடந்து பத்தாவியா அருங்காட்சியகத்துக்குப் போனது. தங்கமும் வெள்ளியுமாக இருந்தும் அவற்றை யாரும் உருக்கவில்லை. எழுத்துதான் பெறுமானம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் வீடுகளில் நடப்பது வேறு. என் பெரியம்மா காலமான பிறகு அவருடைய வெள்ளிச் சாமான்களைப் பங்கு பிரித்தோம். "எல்லாம் நசுங்கிப் போச்சு அண்ணா, போட்டுவிட்டுப் புதுசாக வாங்கிக்கொள்ளலாம்" என்றான் தம்பி முறை ஆகும் ஒருவன். கடையில் எடை போட்டு, அழுக்கு, பற்று என்று கழித்துக் கொடுப்பார்கள். ஒரு சொம்பின் கழுத்தில் மூன்று எழுத்து இருந்தது. பெரியம்மாவின் தாய்மாமன் கல்யாணத்துக்குக் கொடுத்தது என்று அங்கே இருந்த என் அக்கா ஒருத்திக்குத்தான் தெரிந்தது, அவளுக்கு வயது எண்பத்தொன்று. அதன் எடைக்கு உண்டான பணத்தைக் கொடுத்து அந்தச் சொம்பை நான் வாங்கிக்கொண்டேன். மற்றவை கடைக்குப் போயின. போகுமுன் எல்லாவற்றின் எழுத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

டச்சுக் குலச்சின்னத்துக்கு அகராதிகள் இருக்கின்றன. கேடயத்தை வைத்துக் குடும்பத்தைத் தேடிவிடலாம். நம் "மீ.க." "ரா.சு." எழுத்துகளுக்கு அகராதி வீட்டுப் பெரியவர்கள்தான். பழைய வெள்ளியை மாற்றுவதும் வைத்துக்கொள்வதும் அவரவர் சௌகரியம். ஆனால் கடைக்குக் கொண்டுபோகும் முன் திருப்பிப் பாருங்கள். எழுத்து இருந்தால், யார் அது என்று அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்த வேலைக்கு அரை மணி நேரம் போதும்.