கொச்சிக்காயும் கொச்சுஜாங்கும்: ஒரு கோழிச் செட்டையின் வரலாறு

மட்டக்களப்பில் மிளகாய்க்குக் கொச்சிக்காய் எண்டுதான் பேர். கொரிய மொழியில் மிளகாய்க்குக் ‘கொச்சு’. அந்தக் கொச்சுத் தூளோடு பசையரிசி, புளிக்க வைத்த சோயா, முளைகட்டின வாற்கோதுமை மா, உப்பு எல்லாம் சேர்த்து மாதக்கணக்கில் சாடியில் ஊறவிட்டு எடுக்கிற சிவப்புக் களிதான் ‘கொச்சுஜாங்’. புகையில் வாட்டின கோழிச் செட்டையில் அதைப் பூசிச் சாப்பிடுவது இப்ப எங்கட வயதுப் பிள்ளைகளிடம் பிடித்துக்கொண்ட பழக்கம்.

கொரியத் தொடர் பார்க்கிற எவருக்கும் அடுத்தது எங்கே போகும் எண்டு தெரியும். அப்பா அங்கேயும் அப்பா, நீ அங்கேயும் நீ, இப்ப கொச்சியும் கொச்சுவும். ஆகவே தமிழரும் கொரியரும் ஒரு தாய்ப் பிள்ளைகள்! இந்த ஆசை புதிதும் இல்லை. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் ஒன்று எழுதினார். 13ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலான ‘சம்குக் யூசா’வில் ஆயுதா என்ற நாட்டிலிருந்து கடல் கடந்து வந்த இளவரசியின் கதை இருக்கிறது. ஆயுதா அயோத்தி என்று ஒரு கூட்டம், இல்லை தமிழ்நாட்டு ஊர் என்று இன்னொரு கூட்டம். மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்கவில்லை. யூடியூப் ஏற்றுக்கொண்டது.

நாங்கள் இங்கே சொல்ல வருவது இதுதான்: கொச்சிக்கும் கொச்சுவுக்கும் இடையில் உண்மையாகவே ஒரு தொடர்பு உண்டு. ஆனால் அது இரத்த உறவு இல்லை. ஒரே கப்பல்காரர் இரண்டு பக்கமும் கொண்டுபோன ஒரே செடி.

மிளகாய் தென், நடு அமெரிக்காவின் செடி. கொலம்பஸ் 1492இல் அங்கே போகும் வரைக்கும் எங்கட ஆட்கள் ஒருவரும் அதை வாயில் வைத்ததில்லை. அதுக்கு முதல் எங்கட உறைப்பு மிளகுதான். பழந்தமிழில் ‘கறி’ என்றாலே மிளகு. போர்த்துக்கீசர் 1500இல் கொச்சிக்கு வந்தார்கள், 1530இல் கோவா தலைநகராகும் வரை அவர்களின் இந்தியத் தலைமையிடம் அதுதான். அந்தத் துறைமுகத்தின் பேரால்தான் இந்தக் காய் கொச்சிக்காய் ஆனது என்பது வழக்கமான விளக்கம். சிங்களத்திலும் சின்ன உறைப்பு மிளகாயைக் ‘கொச்சி’ என்பார்கள்.

1602இல் ஒல்லாந்தர் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் வந்து இறங்கியபோது அவர் தேடினது மிளகும் கறுவாவும். 1628இல் போர்த்துக்கீசர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638இல், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டை கைமாறினாலும் போர்த்துக்கீசர் விட்டுப்போனது முழுக்கப் போகவில்லை. பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் போர்த்துக்கீசக் கிரியோல் இன்னும் பேசப்படுகிறது. மிச்சக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் கொச்சிக்காய் இருக்கிறது.

இதே ஆட்கள் 1543இல் யப்பானுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 1592இல் யப்பான் படை கொரியாவுக்குள் புகுந்தது. அந்தக் காலத்தையொட்டித்தான் மிளகாயும் அங்கே பரவினது என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. 1614இல் யி சு-குவாங் எழுதிய ‘ஜிபொங் யூசோல்’ இதை யப்பானிலிருந்து வந்த காய் என்கிறது. அதுக்கு அங்கே அப்ப இருந்த பேர் ‘யப்பான் கடுகு’. நஞ்சுள்ளது என்றும், சாராயக் கடைக்காரர் சோஜுவில் இதைப் போட்டு விற்றதைக் குடித்துப் பலர் செத்தார்கள் என்றும் அதில் இருக்கிறது. இன்றைக்குக் கொச்சு இல்லாமல் கொரியச் சாப்பாட்டை நினைக்க முடியுமா? கொச்சுஜாங் செய்முறை 1766இல் வந்த ஒரு விவசாய, வீட்டு நிருவாக நூலில் எழுத்தில் கிடைக்கிறது. ‘ஐயாயிரம் வருடப் பாரம்பரியம்’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லுகிறவர்கள் கவனிக்க. கொரியாவிலும் மிளகாய் எங்கட ஆதிப் பயிர் என்று வாதாடுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆசை எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான்.

சரி, பேர்? கொச்சு என்பது ‘கோச்சோ’ என்ற பழைய சொல்லின் தேய்வு. சீன எழுத்தில் எழுதினால் கடுத்த மிளகு என்ற மாதிரிப் பொருள். கொரியரின் கறுப்பு மிளகு ‘ஹுச்சு’, அதிலும் அதே வால். எங்கட பக்கம் பாருங்கள்: மிளகு, மிளகாய். முன்பின் தெரியாத ஒரு சிவப்புக் காய் வந்து நின்றபோது இரண்டு சனமும் வீட்டில் இருந்த பழைய உறைப்பின் பேரை எடுத்துப் புதியதுக்கு வைத்திருக்கிறது. ஒலி ஒத்துப்போனது தற்செயல். யோசித்த விதம் ஒத்துப்போனதுதான் எங்களுக்குப் பெரிய விசயமாகத் தெரிகிறது.

மறுகா, புகை. இதை ‘ஸ்மோக்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் வெளிநாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் சம்பலுக்கு இடிக்கிற மாசி என்ன? சூரை மீனை அவித்து, புகைகாட்டி, வெயிலில் காயவிட்டு எடுப்பது. 14ஆம் நூற்றாண்டில் மாலைதீவில் இருந்த இப்னு பதூதா, மீனைத் துண்டாக்கி இலேசாக அவித்து ஓலைக் கூடையில் புகையில் தொங்கவிடுவதை எழுதியிருக்கிறார். 1344இல் அவர் இலங்கைக்கும் வந்தார். மிளகாய் வர முதலே புகை எங்கட சட்டியில் இருந்தது.

காட்டுப் பக்கம் இன்னும் பழைய கணக்கு. வேட்டை இறைச்சியைக் கீலம் கீலமாக அரிந்து, நெருப்புக்கு மேலே கட்டின பரணில் வாட்டி வைப்பது வேடர்களின் வழி. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் இன்னொரு முறையையும் சொல்லுகிறார்: மரப் பொந்துக்குள் தேனை ஊற்றி, இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்து, பஞ்ச காலத்துக்கு விட்டு வைப்பார்களாம். கொட்டியாரத்துக்குத் தெற்கே வெருகல், அதைத் தாண்டினால் வாகரை. அங்கே கரையோர வேடர்கள் இன்றும் வாழ்கிறார்கள், தமிழ்தான் பேசுகிறார்கள். மட்டக்களப்புச் சாப்பாடு என்று நாங்கள் பதிவு போடும்போது அவர்கள் பேர் வருவதே இல்லை. இனிப்பும் புகையும் இறைச்சியும் சேர்ந்த ஒரு சாப்பாட்டைக் கொரியன் ஸ்டைல் என்று வாங்கித் தின்கிறோம், நாற்பது மைலுக்குள் தேனும் புகையும் தெரிந்த சனம் இருப்பதை மறந்துபோட்டு. எங்களுக்கு உறுத்துகிறது இதுதான்.

காட்டு மிருகம் சுடுவதை 1937ஆம் ஆண்டு வனசீவராசிகள் சட்டம் கட்டுப்படுத்துகிறது, அது நியாயமும்கூட. புகைக்கு இப்ப மிஞ்சினது மீனும் கோழியும்.

செட்டைக்கும் ஒரு சின்னக் கதை. அமெரிக்காவில் சூப்புக்குப் போட்டுக்கொண்டிருந்த துண்டு அது. 1964இல் பஃபலோ நகர ஆங்கர் பாரில் அதைப் பொரித்து உறைப்புச் சோஸில் பிரட்டினார்கள், பேர் எடுத்தது. கொரியாவில் பொரித்த கோழி, 1950–53 போருக்கு வந்த அமெரிக்கப் படையோடு பரவினது. 1980 வாக்கில் டேகு நகரக் கடைக்காரர் யூன் ஜொங்-கியே, ஆறினால் இறுகிப்போகிற பொரித்த கோழிக்கு இனிப்பும் உறைப்புமான பாகு ஒன்றைப் பூசினார். இப்ப நாங்கள் நக்குகிற சோஸின் வம்சம் அது.

இனி எங்கட முறை. ஒரு கிலோ செட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பும் கொஞ்சம் மஞ்சளும் தடவி, மூடாமல் ஒரு இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். தோல் காய்ந்தால்தான் புகை பிடிக்கும், ஈரத் தோலில் கசப்புத்தான் ஒட்டும். பழைய தகர பீப்பா போதும். அடியில் சிரட்டையை எரித்துத் தணலாக்குங்கள். சிரட்டைத் தணலில் புகை குறைவு, சூடு நிதானம். கொப்பரா வாட்டுகிறவர்கள் அதைத் தேடுவது சும்மா இல்லை. புகைக்குக் காய்ந்த பொச்சுமட்டைத் துண்டு ஒன்றிரண்டு மட்டும். அள்ளிப் போட்டால் கோழி தார் மாதிரி இருக்கும். களப்போரக் கண்டலை வெட்டி எரிக்க வேண்டாம், இறால் குஞ்சு வளர்வது அதன் வேரடியில். தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் கம்பி வலையில் செட்டையை அடுக்கி மூடிவிட்டால் ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். எலும்போரம் சிவப்புத் தெரியக்கூடாது. வெப்பமானி இருந்தால் உள்ளே 75 பாகை தாண்ட வேண்டும்.

சோஸுக்குக் கொச்சுஜாங் மூன்று மேசைக்கரண்டி, சோயா சோஸ் ஒன்று, பாணி இரண்டு, இடித்த உள்ளி ஐந்து பல்லு, இஞ்சி, தேசிக்காய்ப் புளி, இறக்கும்போது ஒரு சொட்டு நல்லெண்ணெய். இதைக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் பூச வேண்டும், முந்தினால் இனிப்புக் கருகும். போத்தல் விலை கட்டாது என்றால் செத்தல் கொச்சிக்காயை ஊறவைத்து அரைத்து, பச்சரிசி மாக் கஞ்சியில் காய்ச்சி, பாணி விடலாம். நல்லாத்தான் இருக்கும். ஆனால் புளிக்க வைத்த அந்த ஆழம் வராது, அதைக் கொச்சுஜாங் என்று சொல்லவும் வேண்டாம். தக்காளி சோஸில் மிளகாய்த் தூளைக் கலக்கி அந்தப் பேரில் விற்பவர்களைப் பற்றி எழுதினால் கட்டுரை நீளும்.

போத்தல் இங்கே வந்த வழி தொடர்கள் மட்டும் இல்லை. 2004இல் கொரியா வெளிநாட்டுத் தொழிலாளரை அரசு வழியாக எடுக்கத் தொடங்கியபோது முதலில் சேர்ந்த ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. இங்கே அப்ப போர்நிறுத்தம் பேரளவில் இருந்தது, அதே வருடக் கடைசியில் சுனாமி. தொழிற்சாலை, மீன்பிடி, கட்டட வேலை என்று போனவர்கள் அங்கத்தை நாக்கோடு திரும்பி வருகிறார்கள். பெட்டியைத் திறந்தால் உடுப்புக்கு நடுவில் சிவப்பு மூடிப் பெட்டி. போர்த்துக்கீசக் கப்பல் விதையைக் கொண்டுவந்து கோட்டை கட்டினது. இப்ப எங்கட பொடியன்மார் தங்கட உழைப்பைக் கொடுத்துச் சோஸை வாங்கி வருகிறார்கள். பட்டம் முடித்தவர்களும் வேலை கிடைக்காமல் கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். எங்கட கூட்டத்திலும் படிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொற்களை மனனம் செய்வதுதான் பெரும்பாடு. ‘கொச்சு’ மட்டும் ஒருவருக்கும் மறப்பதில்லை.