மறுமணம் செய்து அமெரிக்கா போறீங்களா? பிள்ளையின் 18-வது பிறந்தநாளை முதலில் பாருங்க!

உதாரணத்துக்கு, மந்தைவெளியில் வசிக்கும் ஒரு பெண், விவாகரத்தானவர், 17 வயது மகனுடன் இருக்கிறார் என வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவருடன் மறுமணம் பேசி முடித்தாச்சு. "பையனுக்கு பிளஸ் டூ பரீட்சை முடியட்டும், அப்புறம் கல்யாணம் வெச்சுக்கலாம்" என்கிறார்கள் பெரியவர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் பையனுக்கு 18 வயது நிரம்பிவிட்டால், அம்மாவுக்கு விசா வரும், பையன் இங்கேயே நிற்க வேண்டியிருக்கும். ஏன் அப்படி?

18 வயது கணக்கு என்ன?

அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி, பிள்ளைக்கு 18 வயது நிரம்புவதற்கு முன் திருமணம் நடந்தால்தான் 'மாற்றாந்தந்தை - பிள்ளை' என்ற உறவு ஏற்கப்படும். விண்ணப்பத் தேதி அல்ல, திருமணத் தேதிதான் இங்கே கணக்கு.

திருமணம் உரிய நேரத்தில் நடந்துவிட்டால், விண்ணப்பிக்க 21 வயது நிரம்பும் வரை நேரம் உண்டு. மனுவைத் தாக்கல் செய்த நாளில் பிள்ளையின் வயது என்னவோ, அதுவே நிலையாக எடுத்துக்கொள்ளப்படும். நடைமுறை இழுத்தாலும் பாதிப்பில்லை. ஆனால் பிள்ளைக்குத் திருமணம் ஆகியிருக்கக் கூடாது.

ஒரே மனு போதுமா?

போதாது. பலரும் சறுக்குவது இங்கதான். கணவர் அமெரிக்கக் குடிமகன் என்றால், மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என இரண்டு ஐ-130 மனுக்களைத் தனித்தனியாகப் போட வேண்டும். 2024 ஏப்ரல் முதல் ஆன்லைனில் ஒரு மனுவுக்கு 625 டாலர், காகித மனு என்றால் 675 டாலர்.

கணவரிடம் கிரீன் கார்டு மட்டும் இருந்தால், மனைவியின் மனுவிலேயே 21 வயதுக்குட்பட்ட பிள்ளையையும் சேர்க்கலாம். ஆனால் இந்தப் பிரிவுக்கு ஆண்டு வரம்பு இருப்பதால் காத்திருக்க நேரிடும். இடையில் கணவர் குடியுரிமை வாங்கிவிட்டால் பிள்ளைக்குத் தனி மனு கட்டாயம் ஆகிவிடும். அப்போது பழையபடி 18 வயது விதி குறுக்கே வரும்.

பிள்ளைக்கு ஏற்கெனவே 18 ஆகிடுச்சே?

திருமணம் இன்னும் நடக்கவில்லை என்றால் ஒரு வழி உண்டு. அமெரிக்கக் குடிமகன் தன் வருங்கால மனைவிக்கு கே-1 விசா கேட்கலாம். 21 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு கே-2 விசா கிடைக்கும். அங்கே போன 90 நாட்களுக்குள் திருமணம் முடிக்க வேண்டும். மனு போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுகளில் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: கோயிலில் தாலி கட்டிவிட்டு, "இன்னும் ரிஜிஸ்டர் பண்ணலையே" என்று கே-1 கேட்க முடியாது. சடங்குப்படி நடந்த இந்துத் திருமணம் பதிவு செய்யாவிட்டாலும் திருமணம்தான்.

இங்கே என்ன ஆவணங்கள் ரெடி பண்ணணும்?

* திருமணப் பதிவுச் சான்றிதழ். சிறப்புத் திருமணச் சட்டம், 1954-ன் கீழ் பதிவு செய்வதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. பிறந்தநாள் நெருங்கும்போது இந்த 30 நாளையும் கணக்கில் எடுங்க.
* முந்தைய திருமணம் முடிந்ததற்கான விவாகரத்துத் தீர்ப்பு அல்லது இறப்புச் சான்றிதழ்.
* பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். சென்னையில் பிறந்திருந்தால் மாநகராட்சி இணையதளத்திலேயே எடுக்கலாம்.
* சொந்தத் தந்தை உயிருடன் இருந்தால், மைனர் பிள்ளைக்கு அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் அல்லது பொறுப்புரிமை பற்றிய நீதிமன்ற உத்தரவு. இதில்தான் மாதக்கணக்கில் இழுக்கும், முதலிலேயே தொடங்குவது நல்லது.
* 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் காவல்துறை சரிபார்ப்புச் சான்றிதழ். பாஸ்போர்ட் சேவை மூலம் விண்ணப்பிக்கலாம்.

இவை தவிர, குடும்பத்தைத் தாங்கும் வருமானம் இருப்பதாகக் கணவர் ஐ-864 உறுதிமொழி தர வேண்டும். பொதுவாக அமெரிக்க வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் தேவை.

இன்டர்வியூ ஜெமினியில்தானா?

இல்லை. ஜெமினி மேம்பாலம் அருகே உள்ள தூதரகத்தில் சுற்றுலா, மாணவர், வேலை விசாக்களுக்குத்தான் வரிசை. குடும்பக் குடியேற்ற விசாவுக்கு மும்பை போக வேண்டும். சீனாவில் எல்லாரும் குவாங்சோ போவது போலத்தான் இதுவும். விசா கட்டணம் ஆளுக்கு 325 டாலர். மருத்துவப் பரிசோதனையைத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே எடுக்க வேண்டும்.

போனதும் எல்லாம் முடிஞ்சுதா?

அமெரிக்காவில் நுழையும் நாளில் திருமணமாகி 2 ஆண்டு நிறையவில்லை என்றால், கிடைப்பது 2 ஆண்டுக்கான நிபந்தனை கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களில் ஐ-751 மனு போட வேண்டும். அம்மா நுழைந்த 90 நாட்களுக்குள் பிள்ளையும் போயிருந்தால், அதே மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.

குடியுரிமை தனிக் கதை. மாற்றாந்தந்தை குடிமகன் என்பதால் பிள்ளை தானாகக் குடிமகன் ஆகிவிடாது. கணவருடன் சேர்ந்து வாழும் அம்மா 3 ஆண்டுக்குப் பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அவர் குடியுரிமை பெறும்போது பிள்ளைக்கு 18 நிரம்பாமல், கிரீன் கார்டுடன் அவர் பொறுப்பில் அங்கேயே வசித்தால் பிள்ளைக்கும் தானாகக் கிடைக்கும். 18 தாண்டியிருந்தால் பிறகு தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. மனு போடும் முன் யுஎஸ்சிஐஎஸ் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாள் குறிக்கும்போது, பஞ்சாங்கத்தோடு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.