கடைமடை சேராத இரத்தம்: மூளைத் தந்துகி ஓட்டம் பற்றிய சிந்தனையின் வரலாறு (1881–2022)

முன்னுரை

உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜனைச் சேமித்துவைக்க அதற்கு வழியில்லை. இரத்தம் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் செல்கள் மடியத் தொடங்கும். ஆகவே மூளையின் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தவர்கள் ‘எவ்வளவு இரத்தம் வருகிறது?’ என்று முதலில் கேட்டது இயல்பே. வந்த இரத்தம் எப்படிப் பகிரப்படுகிறது என்ற கேள்வி வெகுகாலம் கழித்தே எழுந்தது.

பாசனம் அறிந்தவர்களுக்கு இவ்விரண்டின் வேறுபாடு புதிதல்ல. அணையில் திறந்துவிடும் நீரின் அளவு வேறு, கடைமடை வயல் நனைவது வேறு. தலைமடையில் கரைபுரண்டாலும், நீர் ஒருசில வாய்க்கால்களில் மட்டும் பாய்ந்து வடிகாலில் போய்ச் சேர்ந்தால் பயிர் வாடும். மூளையில் அந்த வயல்வாய்க்கால்களின் இடத்தில் இருப்பவை தந்துகிகள். மூளை நோய்களைப் பற்றிய அறிவு ‘எவ்வளவு’ என்பதிலிருந்து ‘எப்படி’ என்பதற்கு நகர்ந்த பாதையை இக்கட்டுரை தொடர்கிறது. அந்த நகர்வு பக்கவாதத்தையும் அல்சைமர் நோயையும் பார்க்கும் பார்வையையே மாற்றியிருக்கிறது என்பதே இதன் வாதம்.

1. அளவைத் தேடிய காலம்

இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்செலோ மோசோ என்ற உடலியலாளரிடம் பெர்ட்டினோ என்ற விவசாயி வந்தார். தலையில் செங்கல் விழுந்து மண்டையோடு உடைந்த இடத்தில், தோலுக்கு அடியில் மூளையின் துடிப்பு தெரிந்தது. மோசோ அந்தத் துடிப்பைக் கருவியால் பதிவு செய்துகொண்டிருந்தபோது ஆலய மணி ஒலித்தது. துடிப்பின் வரைகோடு உயர்ந்தது. மணியோசை கேட்டதும் செபம் சொல்ல வேண்டுமென்று தோன்றியதா என்று மோசோ கேட்டார்; கோடு மறுபடியும் உயர்ந்தது. பெருக்கல் கணக்கு ஒன்றைக் கொடுத்தபோதும் அவ்வாறே நடந்தது. எண்ணம் ஓடும்போது இரத்தமும் ஓடுகிறது என்பதை மனிதரிடம் காட்டிய முதல் பதிவுகளில் இது ஒன்று. இந்த ஆய்வுகளைத் தொகுத்த அவரது நூல் 1881-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது.

1890-இல் கேம்பிரிட்ஜில் சார்லஸ் ராயும் சார்லஸ் ஷெரிங்டனும் இதற்கொரு விளக்கம் தந்தார்கள். வேலை செய்யும் மூளைப்பகுதியில் உண்டாகும் வேதிப்பொருள்களே அங்குள்ள இரத்தக்குழாய்களை விரிக்கின்றன என்றார்கள். ஆனால் மனிதரின் மூளைக்கு எவ்வளவு இரத்தம் செல்கிறது என்பதை எண்ணாகச் சொல்ல 1940-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் சிரிப்பூட்டும் வாயுவைச் சிறிதளவு சுவாசிக்கவைத்து, அது மூளைக்குள் சேரும் வேகத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிட்டார்கள். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் என்ற மதிப்பு பாடநூல்களில் நிலைத்தது.

1955-இல் லூயி சோகோலாஃப், கெட்டி குழுவினர் அதே முறையில் மனக்கணக்குப் போடுபவர்களை அளந்தபோது முழு மூளையின் ஓட்டம் மாறவேயில்லை. மோசோ கண்டது பொய்யல்ல. முழு மூளைக்கும் எடுத்த சராசரி, ஓரிடத்தில் நடந்த ஏற்றத்தை மறைத்துவிட்டது. சராசரி எதையெல்லாம் மறைக்கும் என்பதற்கு இது முதல் எச்சரிக்கை.

2. கோபன்ஹேகன்: மையும் கணக்கும்

தந்துகிகளை ஆய்வின் நடுவுக்குக் கொண்டுவந்தவர் டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோ. கினிப்பன்றிகளின் இரத்தத்தில் கறுப்பு மையைச் செலுத்தி, தசையை வெட்டிப் பார்த்தார். ஓய்ந்த தசையில் மை நிறைந்த தந்துகிகள் சிலவே. உழைத்த தசையில் ஏராளம். தேவைப்படும்போது மூடிய தந்துகிகள் திறக்கின்றன என்ற இக்கண்டுபிடிப்புக்கு 1920-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு தந்துகி தன்னைச் சூழ்ந்த திசுவுக்கு எவ்வளவு தூரம் வரை ஆக்சிஜன் ஊட்ட முடியும் என்ற கணிதத்தை அவருக்கு வகுத்துக் கொடுத்தவர் ஆக்னர் எர்லாங். தொலைபேசி இணைப்பகத்தில் அழைப்புகள் நெரிசலாவதைக் கணக்கிட்டுப் புகழ்பெற்ற கணிதவியலாளர் அவர்.

1960-களில் கோபன்ஹேகனின் கிறிஸ்டியன் க்ரோன் கணக்கில் இன்னொன்றைச் சேர்த்தார். இரத்தம் தந்துகிக்குள் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அதைப் பொறுத்தே அதிலுள்ள பொருள் திசுவுக்குள் இறங்கும். ஓட்டம் விரைந்தால் இறங்கும் பங்கு குறையும். பின்னாளின் பெரிய திருப்பத்துக்கான விதை இந்த எளிய உண்மையில் இருந்தது.

3. கண்ணாடிச் சாளரம்

க்ரோ தசையில் கண்டது மூளைக்குப் பொருந்தவில்லை. எலி மூளையின் தந்துகிகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் எந்நேரமும் இரத்தம் ஓடுகிறது என்று 1990-இல் ஜெர்மனியின் குஷின்ஸ்கி குழு காட்டியது. திறப்பதற்கு மூடிய வாய்க்கால்கள் இல்லையென்றால் மூளை கூடுதல் ஆக்சிஜனை எப்படிப் பெறுகிறது?

அதே 1990-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான இரு-ஃபோட்டான் நுண்ணோக்கி இதற்கு வழி திறந்தது. 1998-இல் டேவிட் க்ளைன்ஃபெல்டும் வின்ஃபிரீட் டெங்க்கும் அவர்களது துணையாய்வாளர்களும் எலியின் மண்டையோட்டில் சிறு சாளரம் அமைத்து, பிளாஸ்மாவை ஒளிரும் சாயத்தால் நிறைத்தார்கள். சாயம் ஏறாத சிவப்பணுக்கள் வெளிச்சத்தில் கரும்புள்ளிகளாக ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. ஒரு தந்துகியில் வேகம், அடுத்ததில் மந்தம். சிலவற்றில் ஓட்டம் சற்று நின்று மீண்டும் தொடங்கியது. சில இடங்களில் திசையே மாறியது. 5 முதல் 8 மைக்ரான் விட்டமுள்ள இக்குழாய்களில், ஏறக்குறைய அதே அகலமுள்ள சிவப்பணு உடலை வளைத்துக்கொண்டுதான் நுழைய முடியும். சுவர் சற்றே சுருங்கினாலும் வெள்ளணு ஒன்று குறுக்கே நின்றாலும் வழி அடைபடும்.

4. ஆர்ஹஸ் 2012: பகிர்வின் கணக்கு

இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பொருள் சொன்னவர்கள் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தின் சூனெ யெஸ்பெர்சனும் லைஃப் ஓஸ்டர்கோரும். 2012-இல் வெளியான அவர்களது கணித மாதிரி, கடக்கும் நேரத்தின் சராசரியோடு, தந்துகிக்குத் தந்துகி அது எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டது.

சிவப்பணு தந்துகியைக் கடக்க ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது என்று கொள்வோம். எல்லாத் தந்துகிகளிலும் அதே ஒரு நொடி என்றால் ஆக்சிஜன் சீராக இறங்கும். சிலவற்றில் கால் நொடியிலும் சிலவற்றில் பல நொடியிலும் கடந்தால், வேகமான குழாய்களில் ஆக்சிஜன் இறங்க நேரமிருக்காது. மந்தமான குழாய்களில் பாதி வழியிலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பெரும்பகுதி இரத்தம் வேகமான குழாய்கள் வழியே போய்விடுவதால் ஒன்றின் இழப்பை மற்றது ஈடுசெய்யாது. மொத்த ஓட்டம் குறையாமலே திசு மூச்சுத் திணறும்.

உழைக்கும் மூளையில் இரத்தம் விரைவது ஏன் தீங்காவதில்லை என்பதற்கும் இங்கே விடை இருந்தது. நலமுள்ள மூளையில் ஓட்டம் கூடும்போது தந்துகிகளிடையே வேகம் சீராகிறது. நோயுற்ற மூளை இந்தச் சீர்மையை இழக்கிறது. சீர்குலைவு ஓர் எல்லையைத் தாண்டினால் ஓட்டத்தைக் கூட்டுவதே கேடாகும். குறைத்தால்தான் ஆக்சிஜன் இறங்க அவகாசம் கிடைக்கும். எனவே நோயாளியின் மூளையில் காணும் இரத்தக்குறைவு, சில கட்டங்களில் உடல் தேடிக்கொண்ட தற்காப்பாகவும் இருக்கலாம் என்று இக்கோட்பாடு சொல்கிறது.

5. சுவரைப் பற்றியிருக்கும் செல்

தந்துகிகள் ஏன் சுருங்குகின்றன? 1873-இல் ஷார்ல் ரூஜே தந்துகிச் சுவரைக் கட்டிப்பிடித்திருக்கும் சுருங்கவல்ல செல்களை விவரித்தார். 1923-இல் கார்ல் சிம்மர்மன் அவற்றுக்குப் பெரிசைட் என்று பெயரிட்டார். நீரிழிவு நோயாளிகளின் விழித்திரையில் இச்செல்களே முதலில் அழிகின்றன என்று 1961-இல் டேவிட் கோகன் குழு காட்டியது. விழித்திரை கருவளர்ச்சியில் மூளையிலிருந்தே கிளைப்பது என்பதால் அச்செய்தி மூளைக்கும் உரியது.

1968-இல் அடெல்பர்ட் ஏம்ஸ் குழுவினர் முயல்களின் மூளைக்குச் செல்லும் இரத்தத்தைச் சில நிமிடம் தடுத்து, பிறகு திறந்துவிட்டுக் கரிக்குழம்பைச் செலுத்தினார்கள். க்ரோவின் தசையைக் கறுப்பாக்கிய அதே உத்தி, இங்கே வெளுத்த திட்டுக்களைக் காட்டியது. பெரிய குழாய் திறந்தும் அத்திட்டுக்களுக்குள் ஓட்டம் திரும்பவில்லை.

காரணம் தெரிய நாற்பது ஆண்டுகள் ஆயின. 2006-இல் லண்டனில் டேவிட் ஆட்வெல் குழு, பெரிசைட்டுகள் மூளைத் தந்துகிகளைச் சுருக்கவும் விரிக்கவும் வல்லவை என்று காட்டியது. 2009-இல் அங்காராவின் துர்காய் டல்காரா குழு, அடைபட்ட தமனியைத் திறந்த பின்னும் பெரிசைட்டுகள் இறுக்கம் தளராமல் தந்துகிகளை நெரிப்பதைக் கண்டது. அவை இறுகிய நிலையிலேயே இறந்துவிடுகின்றன என்று 2014-இல் ஆட்வெல் குழு தெரிவித்தது. ஓட்டத்தை ஆள்பவை நுண்தமனிகளின் மென்தசைச் செல்களே என்று 2015-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எந்தச் செல்லைப் பெரிசைட் என்று அழைப்பது என்பதிலேயே இந்த விவாதத்தின் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது.

6. மறதி நோயின் இரத்தக்குழாய் முகம்

1974-இல் விளாடிமிர் ஹசின்ஸ்கியும் உடனாய்வாளர்களும் முதுமை மறதியில் இரத்தக்குழாய் சார்ந்த வகையைத் தனியே வரையறுத்தார்கள். அதன்பின் அல்சைமர் நோய் நரம்புச் செல்களுக்கும் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்துக்கும் உரியது, இரத்தக்குழாய் வேறு கணக்கு என்ற பிரிவினை இறுகியது. 1993-இல் ஜாக் டி லா டோரே நுண்ணோட்டக் கோளாறே அல்சைமருக்குக் காரணமாகலாமா என்று கேட்டபோது அது ஓரத்துக் குரலாகவே இருந்தது. 2013-இல் ஓஸ்டர்கோர் குழு தந்துகிக் கோளாறுக் கருதுகோளாக அதை விரித்துரைத்தது.

2019 இரு தரப்பையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. அமிலாய்டின் சிறு திரள்கள் பெரிசைட்டுகளைத் தூண்டி மனித மூளைத் தந்துகிகளைச் சுருக்குகின்றன என்று ஆட்வெல் குழு அறிவித்தது. அல்சைமர் மாதிரிச் சுண்டெலிகளில் சுமார் 2 சதவீதத் தந்துகிகளை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் அடைத்து நிற்பதைக் கார்னெலின் நொசோமி நிஷிமுரா, கிறிஸ் ஷாஃபர் குழு கண்டது. 2 சதவீதம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மேல்மடையில் ஒரு வாய்க்கால் அடைபட்டால் அதற்குக் கீழுள்ள பல வயல்கள் தவிக்கும். அந்த வெள்ளணுக்களை எதிர்ப்புப் புரதத்தால் நீக்கியதும் ஓட்டம் உயர்ந்தது. சில மணி நேரத்தில் சுண்டெலிகளின் நினைவுத்திறனும் மேம்பட்டது. அமிலாய்டும் இரத்தக்குழாயும் எதிரெதிர் விளக்கங்கள் அல்ல, ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்ற பார்வை வலுப்பெற்றது.

முடிவுரை

2015-இல் வெளியான ஆய்வுகள், பக்கவாதத்தில் பெரிய தமனியில் சிக்கிய இரத்தக்கட்டியைக் குழாய்வழி அகற்றும் சிகிச்சையை உறுதிப்படுத்தின. ஆயினும் குழாய் திறந்தவர்களில் பலர் முழுமையாகத் தேறவில்லை. 2022-இல் வெளியான ஒரு ஸ்பானிய ஆய்வு, கட்டியை அகற்றிய பின் கரைப்பு மருந்தைத் தமனிக்குள்ளேயே செலுத்தியபோது நன்கு தேறியவர்களின் விகிதம் கூடியதைக் காட்டியது. 121 பேரைக் கொண்ட, இடையில் நிறுத்தப்பட்ட சிறிய ஆய்வு அது. ஆனால் அதன் அக்கறை தலைமடையோடு நிற்காமல் நுண்குழாய்கள் வரை சென்றது.

இவ்வரலாறு மருத்துவருக்கும் நோயாளிக்கும் தரும் பாடம் ஒன்றே. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் பெரிய குழாய்களை அடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே நுண்குழாய்களின் சுவரைச் சிதைக்கின்றன. ஸ்கேனில் தமனிகள் திறந்திருப்பதாகத் தெரிவது ஆறுதல்தான். மூளை நலமாயிருக்கிறது என்பதற்கு அது முழுச் சான்றாகாது. ஒவ்வொரு நரம்புச் செல்லுக்கும் அருகே, மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லிய ஒரு குழாயில், சிவப்பணுக்கள் தக்க வேகத்தில் கடந்து போக வேண்டும். கெட்டியின் காலத்தில் மூளைக்கு வரும் இரத்தத்தை அளக்கக் கற்றோம். அது மூளைக்குள் கடைசிச் செல் வரை போய்ச் சேர்வதை நோயாளியின் படுக்கையருகே அளக்கக் கற்பதே இன்றைய ஆய்வின் கடமை.