கையால் கதைத்த மொன்றியல்

புத்தாண்டு மலருக்கு எங்கட சனத்தின் வரலாறு எழுதச் சொல்லித்தான் கேட்டார்கள். நான் வேறொரு சனத்தின் கதையை எழுதுகிறேன். காரணம் அக்காவின் மகன். ஏழு வயது, காது கேளாத பிள்ளை. "கையால் பழக்கினால் வாய்ப்பேச்சு வராது" என்று ஊரிலும் சொன்னார்கள், இங்கும் ஒருவர் சொன்னார். அதை நம்பி இரண்டு வருசம் போய்விட்டது. வேலை முடிந்து இல்-பிசார் நூலகத்தில் இருந்து வாசித்தபோதுதான் இந்தப் பேச்சு நூற்று நாற்பது வருசத்துக்கு மேல் பழசு என்று தெரிந்தது.

மொன்றியலில் காது கேளாத ஆண்பிள்ளைகளுக்கு 1848ல் லகோர்ஸ் பாதிரியார் பள்ளி தொடங்கினார். பெண்பிள்ளைகளுக்கு 1851ல் பிறொவிடென்ஸ் கன்னியாஸ்திரிகள் தொடங்கினார்கள். சேர்புறூக் மெட்றோவுக்குக் கிட்ட, சென்-டெனி வீதியில் நிற்கிற பெரிய சாம்பல் கல் கட்டடம் அவர்களுடையதாய் இருந்தது. ஆங்கிலப் புரட்டஸ்தாந்துப் பிள்ளைகளுக்கு 1870ல் பள்ளி திறந்தவர் தோமஸ் விட். அவரே காது கேளாதவர். ஒரே நகரம், மூன்று உலகம். ஆண் பள்ளிச் சைகை வேறு, பெண் பள்ளிச் சைகை வேறு. பிரான்சிலிருந்து வந்ததும் அமெரிக்காவிலிருந்து வந்ததும் பிள்ளைகளின் கைகளில் கலந்துதான் இண்டைக்கு இருக்கிற கியூபெக் சைகைமொழி பிறந்தது. சமயமும் மொழியும் பிரித்ததைப் பிள்ளைகள் சேர்த்திருக்கினம்!

1880ல் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர்கள் மாநாடு கூடி, சைகை வேண்டாம், வாய்ப்பேச்சே போதும் என்று தீர்மானித்தது. தீர்மானித்தவர்களில் காது கேளாதவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. மொன்றியலிலும் வாய்ப்பேச்சு முறைதான் மேலோங்கியது. ஆனாலும் பிள்ளைகள் கையால் கதைப்பதை விடவில்லை. இரைச்சல் கூடின தொழிற்சாலையில் நிற்கிற எனக்கு இது ஆச்சரியமில்லை. மெசின் ஓடேக்கை நாங்களும் கையால்தானே கதைக்கிறம்.

என்னை நிறுத்தி வைத்தது லூடிவீன் லஷான்ஸ் கதை. கண்ணும் தெரியாது, காதும் கேளாது. ஏழைப் பெற்றோர் என்ன செய்வதென்று தெரியாமல் சின்ன அறைக்குள் வைத்திருந்தார்கள். 1911ல், முப்பது வயதளவில், சென்-டெனி வீதிக்கு வந்தாள். கன்னியாஸ்திரிகள் தொட்டுத் தொட்டே மொழியைக் கொடுத்தார்கள். ஏழு வருசம்தான், 1918ல் இறந்துபோனாள். அவள் கதையை 1927ல் புத்தகமாக எழுதிய கோரீன் றோஷ்லோவும் காது கேளாதவர், அதே பள்ளியில் படித்தவர்.

எங்கட நாட்டிலும் 1912ல் மேரி சப்மன் அம்மையார் இரத்மலானைப் பள்ளியைத் தொடங்கினார். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிறகு கைதடி நவீல்ட் பாடசாலை வந்தது. கைதடியால் பஸ்சில் எத்தனை தரம் போயிருப்பன், ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

பெற்றோருக்கு ஒன்று. ஆஸ்பத்திரியில் சைகை மொழிபெயர்ப்பாளர் கேட்பது பிச்சையில்லை. 1997ல் கனடா உச்ச நீதிமன்றம் அதை உரிமை என்றது. 2016 முதல் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இலவச வீடியோச் சேவை இருக்கிறது: பிள்ளை கையால் சொல்ல, நடுவில் இருப்பவர் மற்றப் பக்கத்துக்கு வாயால் சொல்லுவார். 2019ல் சட்டமும் சைகைமொழிகளை அவர்களின் முதன்மை மொழி என்று ஏற்றது.

அந்தச் சேவை பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும்தான். ஊரிலிருந்து அம்மம்மா வீடியோவில் வந்தால் அவனும் அவவும் தாங்களே உண்டாக்கின சைகையில்தான் கதைக்கினம். "சோறு திண்டியா" என்பதற்கு அம்மம்மா பிடிக்கிற கையை எந்தப் பள்ளியிலும் படிப்பிக்கிறேல்லை.