ஒரு சின்ன ஓட்டையின் ஆறு ஆண்டுகள்

லினக்ஸ் இயங்குதளத்தில் வெளிப்படும் பாதுகாப்பு ஓட்டைக்கு ‘உள்ளூர் ஓட்டை, தீவிரம் குறைவு’ என்று முத்திரை விழுந்துவிட்டால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது வழக்கம். உள்ளூர் என்றால், தாக்குபவரின் நிரல் ஏற்கெனவே அந்தக் கணினிக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் நிரலை அடைத்து ஓடவிடும் சாண்ட்பாக்ஸ் என்ற வேலியைப் பொறுத்தவரை இந்த நிபந்தனை ஆறுதலே அல்ல. நம்ப முடியாத நிரலை உள்ளே ஓடவிடத்தானே அந்த வேலியையே போடுகிறோம்?

2017-இல் பபுள்ராப் என்ற சாண்ட்பாக்ஸ் கருவியில் சிவிஇ-2017-5226 என்ற ஓட்டை வெளிப்பட்டது. டிஐஓசிஎஸ்டிஐ என்ற பழைய யூனிக்ஸ் வசதி, விசைப்பலகையில் தட்டியதைப் போலவே எழுத்துகளை டெர்மினலுக்குள் திணிக்கும். அடைபட்ட நிரல் ஒரு கட்டளையைத் திணித்துவிட்டு முடிந்துபோகும்; கட்டளைக்காக வெளியே காத்திருக்கும் ஷெல், பயனர்தான் தட்டினார் என்று நம்பி அதை நிறைவேற்றும். அடைபட்ட நிரலைத் தனி செஷனில் ஓட்டினால் இதிலிருந்து தப்பிக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் உள்ளே ஓடும் ஷெல்லில் வேலைகளை நிறுத்துவதும் தொடர்வதும் கெடும். அதனால் அது விருப்பத் தேர்வாகவே வைக்கப்பட்டது. பபுள்ராப்பைப் பயன்படுத்தும் செயலி விநியோக அமைப்பான பிளாட்பேக், டிஐஓசிஎஸ்டிஐ அழைப்பை வடிகட்டியால் தடுத்தது. 2019-இல் அதுவும் உடைந்தது. வடிகட்டி 64 பிட்டையும் ஒப்பிட்டது, இயங்குதளத்தின் மையமான கெர்னலோ கீழ் 32 பிட்டை மட்டுமே பார்த்தது. மேல் பாதியில் எதையாவது நிரப்பினால் வடிகட்டிக்கு அடையாளம் தெரியாது, கெர்னலுக்குத் தெரியும். 2023-இல் அதே தந்திரம் டிஐஓசிலினக்ஸ் என்ற அண்டை அழைப்பின் வழியாக மூன்றாவது முறை வந்தது.

இந்த மூன்றாவது ஓட்டை லினக்ஸின் வெறும் எழுத்துத் திரையான வெர்ச்சுவல் கன்சோலில் மட்டுமே பலிக்கும். இன்று அங்கே போய் உட்காருபவர் எத்தனை பேர், இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆள் குறைவான திட்டங்கள் பெரிய ஓட்டையை முதலில் அடைப்பதில் தவறில்லை. கண்மாய்க் கரையில் எலிவளை கண்டால் யாரும் ஊரைக் கூட்டிக் கூச்சல் போடுவதில்லை, ஆனால் ஐப்பசி மழைக்கு முன் மண் போட்டு மிதித்துவிடுவார்கள். பிளாட்பேக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள்: வரைகலைத் திரையின் டெர்மினல்களுக்கு ஆபத்தில்லை என்று தெளிவாகச் சொன்னார்கள், புதிய பதிப்போடு நிறுத்தாமல் 1.10, 1.12 என்ற பழைய வரிசைகளுக்கும் திருத்தம் கொடுத்தார்கள். மூலத்தையே வெட்டியிருக்கலாமே என்பது இன்னும் கனமான கேள்வி. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் 2017-இலேயே டிஐஓசிஎஸ்டிஐயைத் தூக்கி எறிந்தது. லினக்ஸோ பழைய நிரல்கள் முறிந்துவிடும் என்று தயங்கி, 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கெர்னலில்தான் அதை அணைக்க ஒரு சுவிட்ச் கொடுத்தது. அந்தச் சுவிட்சும் இயல்பில் வசதியை அணைக்காத நிலையிலேயே வந்தது. அணைப்பதா வேண்டாமா என்ற முடிவு லினக்ஸ் விநியோகங்களின் பொறுப்பாயிற்று.