நூற்கட்டையும் இறகு ஈயும்



பெல்மதுளையிலிருந்து பலாங்கொடை வழியாக மலைநாட்டை நோக்கிச் செல்பவர்கள் பெலிகுல் ஓயாப் பாலத்தைக் கடப்பதுண்டு. அப்பாலத்தின் கீழ் பாறைகளில் மோதி இரைந்தோடும் நீர் 2,100 மீற்றருக்கும் மேலான உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளியில் பிறந்தது. அந்தக் குளிர்நீரில் ஒரு காலத்தில் தோட்டத் துரைமார் ஈயைக் காட்டி மீன் பிடித்தனர். உயிருள்ள ஈயன்று, தூண்டில் முள்ளின்மேல் இறகையும் பட்டுநூலையும் சுற்றிச் செய்த போலி ஈ.

அவர்கள் நாடிய டிரவுட் மீன் இம்மண்ணுக்கு உரியதன்று. 1880களில் அதன் முட்டைகளைக் கப்பலேற்றி நுவரெலியாவுக்குக் கொண்டு வந்தார்கள். முதலில் வந்த பழுப்பு டிரவுட் எதிர்பார்த்தபடி பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் டிரவுட் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் நிலைகொண்டது. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகமும் தோன்றியது.

போலி ஈயின் வரலாறோ மிகப் பழையது. மாசிடோனியர் சிவப்புக் கம்பளியும் சேவல் இறகும் கட்டிய முள்ளால் மீன் பிடித்ததை, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே உரோமரான ஈலியன் எழுதி வைத்தார். இங்கிலாந்தில் ஈ கட்டுவோர் பெரிதும் விரும்பிய இறகுகளில் ஒன்று, தென்னிந்தியச் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகு. நம் பக்கத்துக் காட்டுப் பறவையின் இறகு கடல்கடந்து சென்று, ஈயாக மாறிக் கனவான்களின் தொப்பியில் குத்தப்பட்டிருந்தது!

இவ்வித்தையில் ஒரு சிக்கல் உண்டு. இறகு ஈக்கு எடையே இல்லை. கல்லை எறிவதுபோல் அதை எறிய முடியாது. எனவே எண்ணெயூட்டிய கனத்த பட்டு நூலைச் சாட்டைபோல் முன்னும் பின்னும் வீசி, அந்நூலின் கனத்தாலேயே ஈயை நீர்மேல் இறக்கினர். அதற்கு விலையுயர்ந்த கோல் வேண்டும். நெடுநாட் பழக்கம் வேண்டும். முதுகுப்புறம் வெட்டவெளி வேண்டும். நம் ஓடைக்கரைகளில் முதுகுப்புறம் இருப்பது மூங்கிற்புதர். வெட்டவெளியும் விலைமிக்க கோலும் யாருக்கு வாய்த்தனவோ, ஈயும் அவர்களுக்கே உரியதாயிற்று. லயத்துச் சிறுவனுக்குக் கிடைத்தது மண்புழு.

சிக்கலை அவிழ்த்த கருவி ஆலையிலிருந்து வந்தது. பிராட்போர்டு நகரத்துக் கம்பளி ஆலைக்காரரான இல்லிங்வர்த் என்பவர் 1905இல் ஒரு புதுவகை ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு பெரும்பாலான ரீல்களில், நூலை இழுத்தால் உருளையும் கூடவே சுழலவேண்டும். இலேசான பொருளால் அதை அசைக்க முடியாது. தையற்காரரின் நூற்கட்டையை நிமிர்த்தி வைத்து, மேல்நுனி வழியாக நூலை உருவிப் பாருங்கள்: கட்டை அசையாது, நூல் மட்டும் கழன்று வரும். அவருடைய ரீலின் தத்துவம் இவ்வளவே. 'ஸ்பின்னிங்' என்ற சொல் நீரில் சுழலும் தகட்டு இரையைக் குறித்ததேயன்றி நூல் நூற்பதை அன்று. ஆயினும் நூலாலைக் கண்ணே இதைக் கண்டது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பின்னர் நைலோன் இழையும் வந்தது. உட்குழிவான, கண்ணாடிபோல் தெளிந்த மிதவை ஒன்றில் பாதியளவு நீர் நிரப்புவார்கள். எறிவதற்கு வேண்டிய எடையை அந்நீர் தரும். மிதவைக்குச் சில அடி தள்ளி ஈயைக் கட்டுவார்கள். வீசியபின் மெல்லச் சுற்றினால், மிதவை முன்செல்ல, ஈ அதன்பின் நீந்தி வரும். முதுகுப்புறம் மூங்கிற்புதர் இருந்தாலும் கவலையில்லை. சாதாரணக் கோல் போதும். இது மெய்யான ஈத்தூண்டில் அன்று என்று சில வல்லுநர் முகஞ்சுளிப்பர். மீனுக்கு அவ்வேறுபாடு தெரிவதில்லை.

ஆனால் அந்த விருந்தாளி மீனைப் பற்றி ஒன்று கூறவேண்டும். ஹோட்டன் சமவெளி ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத நன்னீர் இறால்கள் வாழ்கின்றன. டிரவுட் அவற்றைத் தின்னும். 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அவ்விடத்தில் நாம் நினைக்கவேண்டியது இறாலைத்தான்.

டிரவுட்டுக்குக் குளிர் வேண்டும். பெல்மதுளையின் வெதுநீரில் அது வாழாது. சென்ற வைகாசியில் இங்குள்ள ஓடையொன்றில், நாட்டுச் சேவல் இறகைக் கட்டி, மிதவையோடு வீசினேன். ஐந்தாம் வீச்சில் விரலளவுக் கெண்டை ஒன்று மாட்டியது. முள்ளைக் கழற்றி மீண்டும் நீரில் விட்டேன். கரையில் மண்புழுச் சிரட்டையோடு நின்ற சிறுவன், "அந்த இறகை எனக்குத் தருவீங்களா, மாமா?" என்றான். கோலையும் சேர்த்தே அவன் கையில் கொடுத்தேன்.