படகு மோட்டாரும் குளிர்நீரும்

விக்ரோலி ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கிச் செல்லும் தமிழன்பர்கள், விரைவு நெடுஞ்சாலையைக் கடந்து கன்னம்வார் நகரின் எல்லையை அடைந்தால், கட்டடங்களின் வரிசை முடிந்து அலையாத்திக் காடு தொடங்குவதைக் காண்பர். அக்காட்டிற்கு அப்பால் இருப்பது தாணே உப்பங்கழி. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து தங்கும் இக்கழியின் ஒரு பகுதி 2015இல் பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2022இல் பன்னாட்டுச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. மும்பைக் கடலில் பெருவேலியின்போது நீர்மட்டம் 4 மீட்டருக்கும் மேலாக உயர்ந்து தாழ்கிறது. ஆதலால் வேலி இறங்கியதும் கழியின் இருமருங்கும் கருஞ்சேறாகி விடும். அச்சேற்றிடையே எஞ்சிய நீரோட்டத்தில் கோளி மீனவரின் சிறு படகுகள் செல்லும். அவற்றுட் சிலவற்றின் பின்புறத்தே மோட்டார் ஒன்று தொங்கும். அதன் பக்கத்திலுள்ள சிறு துளையிலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று விடாது பீச்சிக்கொண்டிருக்கும்.

அந்த நீர்த்தாரையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். இது பேசத்தக்க பொருளோ என ஐயுறுவார் உளர். ஆனால் குமரி முனையிலிருந்து கொல்லம் வரையிலும் பல்லாயிரம் குடும்பங்களின் அன்றாட உணவு இத்தாரை நிற்கிறதா ஓடுகிறதா என்பதைப் பொறுத்து அமைந்த காலம் ஒன்று உண்டு. இன்றும் அது முற்றும் மாறிவிடவில்லை.

எரிபொருளை உள்ளேயே எரித்து ஓடும் எந்த இயந்திரமும் தான் பெறும் வெப்பம் முழுவதையும் உழைப்பாக மாற்ற வல்லதன்று. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பம் இயந்திரத்தின் சுவர்களைச் சூடேற்றவே செலவாகிறது. அதனை உடனுக்குடன் அகற்றாவிடில், உருளைக்குள் ஓடும் அலுமினிய உந்துதண்டு விரிந்து சுவரைக் கௌவிப் பிடித்துக்கொள்ளும். தரையில் ஓடும் மோட்டார் வண்டி தனக்கு வேண்டிய நீரை ரேடியேட்டரில் சுமந்து செல்கிறது. படகோ நீரின்மேலேயே மிதக்கிறது. ஆகவே கீழேயுள்ள நீரை உறிஞ்சி, இயந்திரத்தைச் சுற்றி ஓடவிட்டு, மீண்டும் நீரிலேயே விட்டுவிடலாம் என்பது எளிதில் தோன்றக்கூடிய கருத்து. அக்கருத்து எளிது, அதனை நடத்திக் காட்டுவதே அரிதாயிற்று.

படகின் பின்புறத்தே கழற்றி மாட்டத்தக்க மோட்டாரை 1881இல் பாரிஸ் நகரத்தில் குஸ்தாவ் த்ரூவே என்பார் சேன் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். அது மின்சாரத்தால் இயங்கியது. பெட்ரோலால் இயங்குவதை அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மன் என்பார் 1905ஆம் ஆண்டையொட்டிச் சோதித்தார். அவர் முதலிற் காற்றால் குளிரவைக்க முயன்று, பின்னர் நீருக்கு மாறினார். ஆயினும் இத்தொழிலை உலகறியச் செய்தவர் நார்வே நாட்டிற் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் குடியேறிய ஓலே எவின்ரூட். 1909இல் மில்வாக்கி நகரில் அவர் விற்பனைக்குக் கொணர்ந்த மோட்டார் ஒன்றரைக் குதிரை ஆற்றலுடையது. எடை 62 பவுண்டு. விலையும் 62 டாலர். அவர் பெயர் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020இல் நிறுத்தப்பெற்றது.

இம்முன்னோடிகள் எல்லோரும் ஏரிகளையும் ஆறுகளையும் மனத்திற் கொண்டே தம் மோட்டார்களை வகுத்தனர் என்பது கருதத்தக்கது. அந்நீர் குளிர்ந்தது, உப்பற்றது, பெரும்பாலும் தெளிந்தது. ஆரம்பத்தில் சிலர் உந்துதண்டு வைத்த சிறு பம்பினால் நீரை ஏற்றினர். வேறு சிலர் பம்பையே நீக்கிவிட்டு, சுழலும் விசிறி பின்னோக்கித் தள்ளும் நீரின் வேகத்தைக் கொண்டே அதனைக் குழாய்க்குள் ஏற்றினர். இம்முறையில் தேய்வதற்கு உறுப்பில்லை. ஆனால் மெதுவாக ஓடும்போது அழுத்தம் போதாது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ரப்பரால் ஆன இம்பெல்லர் பரவலாயிற்று. வளையக்கூடிய இதழ்களைக் கொண்ட சிறு சக்கரம் அது. தன் கூட்டினுள் நடுவிலன்றி ஒருபுறமாக ஒதுங்கிச் சுழல்வதால், ஒரு பக்கம் இதழ்கள் விரிந்து நீரை வாங்கும். மறுபக்கம் மடங்கி அதனைத் தள்ளும். வேகம் மிகுந்தால் இதழ்கள் சுவரை விட்டுச் சற்று விலகி, சுழற்சியின் விசையாலேயே நீரை எறியும். இன்றைய வெளிமோட்டார்கள் பெரும்பாலும் இவ்வமைப்பையே கொண்டுள்ளன. முழு வேகத்தில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10 முதல் 20 பவுண்டு வரை இருப்பது வழக்கம். மெதுவாக ஓடுகையில் அது ஓரிரு பவுண்டே இருக்கும்.

நிற்க. இம்மோட்டார் நம் கரைக்கு வந்த வரலாற்றைப் பார்ப்போம். ஆங்கில மொழிக்கே தன் பெயரை ஈந்த நமது கட்டுமரம், பாயையும் துடுப்பையும் நம்பி வாழ்ந்தது. அதில் பழுதாவதற்கு ஒன்றுமில்லை. கயிறு அறுந்தால் மீண்டும் கட்டலாம். 1952 அக்டோபரில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அமைப்பும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய நார்வேத் திட்டம் தொடங்கிற்று. விசைப்படகுகளும், பின்னர் இழுவலையும் பரவின. இறால் ஏற்றுமதி பெருகப் பெருக, இழுவைப் படகுகள் கரையோரத்துக்கே வந்து வலை வீசலாயின. கட்டுமர மீனவருக்கும் அவற்றுக்கும் இடையே பூசல் மூண்டது. கேரளம் 1980இலும், தமிழ்நாடு 1983இலும் கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றின. தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையுள்ள நீர்ப்பரப்பு விசையில்லாச் சிறுகலங்களுக்கே உரியதாக ஒதுக்கப்பெற்றது.

சட்டம் எழுதப்பட்டதனால் மீன் கரைக்குத் திரும்பிவிடவில்லை. மீனைத் தேடித் தொலைவு செல்லச் சிறு மீனவருக்கும் மோட்டார் இன்றியமையாததாயிற்று. குமரி மாவட்டத்து முட்டம் என்னும் ஊரில், பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த பியேர் ஜில்லே என்பாரின் முயற்சியால் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பெற்றன. வெளிமோட்டாரை மாட்ட ஏற்ற தட்டையான பின்பலகை அவற்றுக்கு இருந்தது. அம்முயற்சியின் இடர்களையும் வெற்றியையும் அவர் 1985இல் நூலாகவே எழுதினார். 1980இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பு, படகு கட்டுதலோடு மோட்டார்களைப் பழுதுபார்க்கும் பணியையும் மேற்கொண்டது. ஜப்பானிய மோட்டார்கள் குமரி முதல் கேரளக் கரை எங்கும் பரவின. பெட்ரோல் விலை தாங்காது என்பதால், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வகை பெரிதும் விரும்பப்பட்டது.

இங்ஙனம், குளிர்ந்த ஏரிகளிற் பிறந்த ஒரு கருவி, வெதுவெதுப்பான உப்புக் கடலுக்கும் மணல் கலங்கிய அலைவாய்க்கும் வந்து சேர்ந்தது. துறைமுகம் இல்லாத கரையில், அலையடிக்கும் இடத்திலேயே படகைத் தள்ளி, நீர் இடுப்பளவு இருக்கும்போதே மோட்டாரைக் கிளப்ப வேண்டும். அந்நேரத்தில் உறிஞ்சப்படுவது நீர் பாதி, மணல் பாதி. மணல் இம்பெல்லரின் இதழ்களையும், அது சுழலும் கூட்டின் உலோகத் தகட்டையும் அரம்போல் அராவிவிடும். நீரின்றி ஓடினாலோ கேடு இன்னும் விரைவில் வரும். இம்பெல்லருக்கு நீரே மசகு. கரையில் வெறுமனே கிளப்பிச் சோதித்தால் சில நொடிகளிலேயே ரப்பர் கருகிவிடும்.

கடலுப்பின் கேடு மெதுவானது. நீர் சூடேறச் சூடேற, அதிற் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தும் உப்பும் குளிர்நீர் வழிகளின் சுவரிற் படிந்து இறுகும். கடலிற் பயன்படும் மோட்டார்களின் வெப்ப அளவைப் பொதுவாக 50 முதல் 60 பாகை வரையே வைத்திருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் மண்ணெண்ணெய் நன்கு ஆவியாகி எரிவதற்கு ஓரளவு சூடு வேண்டும். மிகக் குளிர்ந்தால் எண்ணெய் எரியாமற் கரியாகித் தீப்பொறிச் செருகியிற் படியும்; மிகச் சூடேறினால் வழிகள் அடைபடும். இவ்விரண்டிற்கும் இடையே நிற்க வைப்பது தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு. அது மூடியபடி சிக்கிக்கொண்டால் கொதிப்பு. திறந்தபடி சிக்கிக்கொண்டால் புகை.

இப்பழுதுகளைப் பிரித்தறியும் முறையைக் கரையோரப் பட்டறைகளில் ஆண்டுக்கணக்காகப் பழகியவர்கள் அறிவர். அம்முறையை எளிய நடையில் கூறலாம். தாரை மெலிந்து இயந்திரமும் சூடேறினால், கோளாறு கீழே உள்ளது: நீர் புகும் சல்லடை வாயை வலைநூலோ, கடற்பாசியோ, பிளாஸ்டிக் பையோ மூடியிருக்கலாம், இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அதனைத் தண்டோடு பூட்டும் சிறு ஆப்பு முறிந்திருக்கலாம், நீரை மேலே கொண்டுசெல்லும் குழாயின் ரப்பர் வளையம் கிழிந்து நீர் வழியிலேயே கசியலாம். மெதுவாக ஓடும்போது மட்டும் சூடேறினால் பெரும்பாலும் இம்பெல்லரின் தேய்வு; வேகமாக ஓடும்போது மட்டும் சூடேறினால் பெரும்பாலும் வாயின் அடைப்பு, அல்லது மோட்டார் உயர மாட்டப்பட்டு நீரோடு காற்றையும் இழுப்பது. தாரை மெலிந்தும் இயந்திரம் சூடேறவில்லையெனில், தாரை வரும் துளையே அடைபட்டிருக்கும். மெல்லிய கம்பியொன்று போதும். அழுத்தமானி வைத்த மோட்டாரில் அழுத்தம் குறையாதிருந்தும் சூடு ஏறினால், கோளாறு மேலே உள்ளது: தெர்மோஸ்டாட்டோ, உப்புப் படிந்த வழியோ நீரைத் தடுத்து நிறுத்துகின்றது.

அத்தாரையை ஆங்கிலத்தில் 'டெல்டேல்' என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கோள்சொல்லி' என்று வரும். கோள் சொல்லுதலை நம் அறநூல்கள் கடிந்துரைக்கின்றன. இக்கோள்சொல்லி வாய்மூடி நின்றாலோ படகிலுள்ளோர் அஞ்ச வேண்டும். இரவில் வலை வளைத்துத் திரும்புகையில், ஒருவர் கையைப் பின்னால் நீட்டி அந்த நீரின் சூட்டைத் தொட்டுப் பார்ப்பது கண்ணுக்குப் புலப்படாத ஒரு காவல்.

இதில் இழப்பு வெறும் உதிரியுறுப்பின் விலை அன்று. மோட்டார் பெரும்பாலும் கடனில் வாங்கியது. பிடிபட்ட மீனில் ஆளுக்கொரு பங்கு போவதுபோல் மோட்டாருக்கும் பங்கு உண்டு. அது இறுகி நின்றுவிட்டால், தொழில் நிற்கும், கடன் நிற்காது. கரை தெரியாத தொலைவில் நின்றுவிட்டாலோ, துடுப்பும் பாயும் இன்றிச் சென்றவர்கள் காற்றின் போக்கிற்கே விடப்படுகின்றனர். கட்டுமரத்தில் அவ்வச்சம் வேறு வகையினது; அதனைச் செலுத்தும் ஆற்றல் செலுத்துவோனிடமே இருந்தது.

இயந்திரம் கேட்கும் மற்றொன்று நன்னீர். கடலிலிருந்து வந்தபின் ஒரு பீப்பாய் நன்னீரில் அடிப்பகுதியை மூழ்கவைத்துச் சில நிமிடம் ஓட்டினால், உப்பு கழுவப்பட்டு மோட்டாரின் ஆயுள் நீளும். இதனை எல்லோரும் அறிவர். ஆனால் குடிநீருக்கே குடங்கள் வரிசையில் காத்திருக்கும் கடற்கரை ஊர்களில், இயந்திரத்துக்கு ஒரு பீப்பாய் நீரை ஒதுக்குவது எளிதன்று. இயந்திரத்தைப் புறக்கணித்ததாக மீனவரைக் குறைகூறுவோர் இதனையும் நினைத்தல் வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், நம் கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. சோழமண்டலக் கரையிற் பலர், நீண்ட தண்டோடு கூடிய, காற்றாற் குளிரும் டீசல் இயந்திரத்தைப் படகின் பின்புறத்தே பொருத்திக்கொண்டனர். எடை மிகுதி, ஓசையும் மிகுதி. ஆயினும் அதில் இம்பெல்லர் இல்லை, அடைபடும் நீர்வழி இல்லை. அலையிலே மணலோடு கிளப்ப வேண்டியவனுக்கு அது ஒரு விடுதலையாகவே தோன்றியிருக்கும். வாட்டர்மன் கைவிட்ட காற்றுக்குளிர்ப்பை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து நம் கரை தன் தேவைக்கேற்ப மீண்டும் கைக்கொண்டது. ஏரிக்கு ஏற்றதே கடலுக்கும் ஏற்றது என்று நம் மீனவர் ஒப்புக்கொண்டுவிடவில்லை.

மீண்டும் விக்ரோலிக்கு வருவோம். தாணே கழியில் மோட்டாருக்கு வரும் கேடு மணலினால் அன்று. நுண்ணிய சேற்றினாலும், நகரம் எறிந்த பிளாஸ்டிக்கினாலும் வருகிறது. வேலி இறங்கும் நேரத்தில் கிளப்பினால் சேறு உட்புகுந்து, மோட்டார் நின்றதும் வழிகளில் படியும். மிதந்து வரும் ஒரு பை போதும், நீர்வாயை மூடிவிட. அப்பை நம்முள் யாரேனும் ஒருவர் சாக்கடையில் எறிந்ததாகவும் இருக்கலாம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் விக்ரோலியிலும் வாழும் நாம், இக்கழியை ரயிலிலிருந்தோ பாலத்திலிருந்தோ காண்பவர்கள். அதன்மேல் பிழைப்பவர்கள் வேறு. ஆயினும் குமரிக் கரையிலோ நாகைக் கரையிலோ நமக்கு உறவுண்டு. அங்கே ஒரு படகு நின்றுபோனால் அதன் செய்தி நமக்கும் வந்து சேரும்.

இம்மோட்டார்களோடு வந்த கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றைப் படியாமலே, கையாலும் காதாலும் கற்றுத் தேர்ந்தவர்கள் நம் கரையோர மெக்கானிக்குகள். அவர்கள் வழங்கும் சொற்கள் அகராதிகளில் ஏறவில்லை. அவர்கள் கண்டறிந்த முறைகள் நூல்களிலும் ஏறவில்லை. ஊருக்குச் செல்லும் அன்பர்கள் ஒருநாள் மாலை அத்தகைய பட்டறை ஒன்றில் சற்று அமர்ந்து, அவர் கழற்றுவதைப் பார்த்து, அவர் சொல்வதைக் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அது தமிழுக்கும் பயன்படும். பின்னால் கடலுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பயன்படும்.